பெண் பறவை மட்டும்தான் தெரிந்தது

அன்புள்ள அண்ணாச்சி,

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஒரு ஊர்க்காரன் நான். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால் (...) குளம். மூன்று வருடமாகப் பறவை பார்க்கிறேன். அதில் இரண்டு குளிர்காலம் முழுக்க ஒரே பறவைக்காகச் செலவழிந்துவிட்டது, மயிலுள்ளான். நவம்பர் பிறந்தால் தேட ஆரம்பிப்பேன், பிப்ரவரி முடிந்ததும் விட்டுவிடுவேன். ஆறரை மணிக்கெல்லாம் கரையில் நிற்பேன், எட்டரைக்கு வேலைக்கு ஓடவேண்டும். இதுவரை 43 காலைகள். நெடுங்கால் உள்ளான், பொறி உள்ளான், கொசு உள்ளான் எல்லாம் பார்த்தாயிற்று. இது மட்டும் கிடைக்கவில்லை.

போன மாதம் வெளியூரிலிருந்து நான்கு பேர் பெரிய லென்சோடு வந்தார்கள். குளத்தைச் சுற்றிக் காட்டியதே நான்தான். நான் வேலைக்குப் போன பிறகு, அன்று சாயங்காலமே ஜோடியாகப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுகாலுக்குக் கீழே வரப்பில் நடந்தபோது மயிலுள்ளானில் பெண் பறவை ஒன்று காலடியிலேயே எழுந்து, இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு பாம்பு மாதிரி சீறியது. பிறகு நெல்லுக்குள் போய்விட்டது. மங்கலான சாம்பல் பழுப்பு. வண்ணமான ஆண் பக்கத்தில்தான் இருக்கும் என்று ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. பறவைப் பதிவுகள் போடும் ஈபேர்ட் தளத்தில் 'பெண் 1' என்று மட்டும் போட்டேன்.

வீட்டுப் பக்கத்தில் இருக்கும் அரிய பறவை எனக்கு மட்டும் ஏன் கண்ணில் படமாட்டேன் என்கிறது? செல்போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வரும் என்கிறார் ஒரு நண்பர். செய்யலாமா?

மு.

அன்புள்ள மு.,

குளத்தின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பார்த்தது பெண் இல்லை தம்பி, ஆண். மயிலுள்ளானில் வண்ணமெல்லாம் பெண்ணுக்குத்தான். கழுத்தும் மார்பும் செம்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளையில் மை தீட்டியதுபோல் ஒரு பட்டை, உடம்பும் ஆணைவிடக் கொஞ்சம் பெரிது. ஆண்தான் மங்கல், சிறகில் பொன்னிறப் புள்ளிகளோடு காய்ந்த கோரையோடு கோரையாக இருக்கும். தோளைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பை மாட்டியதுபோல் ஒரு வெள்ளை வார் இரண்டுக்கும் உண்டு. மயில் என்று பெயரிலேயே இருந்தால் அழகு ஆணுக்குத்தான் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது, பாதிப் பழியைப் பெயர் வைத்தவர்கள் மேல் போடலாம்.

நிறத்தோடு இது நிற்கவில்லை. கூவி அழைப்பது பெண். முட்டையிட்டு முடித்ததும் அது அடுத்த ஆணைத் தேடிக் கிளம்பிவிடும். வழக்கமாக நான்கு முட்டை, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாப்பது ஆண், குஞ்சு பொரித்த பிறகு கூட்டிக்கொண்டு திரிவதும் ஆண். 1871இல் டார்வினே இந்தத் தலைகீழ் வழக்கத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். உங்கள் குளத்தில் தாமரை இலைக்கோழி இருக்குமே, அதிலும் இதே கதைதான். பெயரில் உள்ளான் இருந்தாலும் மயிலுள்ளான் விசிறிவால் உள்ளானைவிட இலைக்கோழிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலடி வரை அசையாமல் இருந்த ஒரு ஆண், ஓடாமல் நின்று, சிறகை விரித்துச் சீறுகிறது. முட்டை மேல் உட்கார்ந்திருந்திருக்கும், இல்லாவிட்டால் குஞ்சுகள் நெல்லுக்குள் ஒளிந்திருக்கும். நீங்கள் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, அதை மறைப்பானேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் இத்தனை வருடத்தில் மயிலுள்ளானை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட என்னிடம் சிறகை விரித்துச் சீறியதில்லை. வெளியூர்க்காரர்களின் லென்சுக்கும் அது கிடைத்திருக்காது. அதை நீங்கள் 'மட்டும்' போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் அரிய பறவை என்கிறீர்கள். கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று இருக்கிறது, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சுக்கோட்கா பக்கம் குஞ்சு பொரிப்பது, கோடியக்கரையில் முன்பு பதிவாகியிருக்கிறது, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். அது அரியது. மயிலுள்ளான் ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை இருக்கிற பறவை, அழியும் பட்டியலில் எல்லாம் இல்லை. ஒளிவதில் மட்டும் அதை அடிக்க ஆளில்லை. ஆபத்து என்றால் பறக்காது, அப்படியே உறைந்துவிடும். உங்கள் 43 காலைகளில் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்களோ.

காலம், நேரம் இரண்டிலும் தவறு செய்திருக்கிறீர்கள். வடக்கேயிருந்து குளிருக்கு வருவது விசிறிவால் உள்ளான். மயிலுள்ளான் உங்கள் ஊர்க்காரன், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். பிப்ரவரியோடு நீங்கள் மூட்டை கட்டிய பிறகும் அது அங்கேதான் இருந்திருக்கும். கார் சாகுபடிக்கு வயலில் தண்ணீர் விடும்போது போய்ப் பாருங்கள். அது இரை தேடி வெளியே வருவது அந்தி மயங்கும் நேரத்தில், விடியும் முன்னும் கொஞ்சம். ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் வந்து அது சம்புக்குள் போயிருக்கும். வெளியூர்க்காரர்களுக்குக் கிடைத்தது லென்சால் இல்லை, சாயங்காலத்தால்.

நான் முதன்முதலில் மயிலுள்ளானைப் பார்த்தது குளத்தில் இல்லை, ஒரு சைக்கிள் ஹேண்டில்பாரில். எட்டு வயதிருக்கும். மடையானையும் உள்ளானையும் கால்களைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கறிக்கு விற்க ஒருவர் தெருவில் வருவார். அந்தக் கொத்தில் ஒன்றின் கண்ணைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. உயிரோடுதான் இருந்தது. அது பெண் என்று தெரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று. (வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இந்த நாட்டில் உள்ளான் சுடுவது பெரிய பொழுதுபோக்கு, உள்ளானுக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவனைச் சொல்லும் ஸ்னைப்பர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்.) 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் வலைகள் முழுக்க ஒழிந்துவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். கூடு இருக்கும் வயலையும் குளத்தின் பெயரையும் சேர்த்துப் பொதுவில் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். வலைக்காரர் வராவிட்டாலும் கேமராக்காரர் இருபது பேர் வருவார்கள்.

செல்போன் வேண்டாம். குரலைப் போட்டால் எவளோ தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டாள் என்று பெண் பதறும், இருந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்கும், உங்களுக்குப் படம் கிடைக்கும், அதற்கு என்ன கிடைக்கும்? மற்ற நாட்களில்கூட வேண்டாம் என்பேன், கூட்டின் பக்கத்தில் கூடவே கூடாது.

ஒரு மாதம் அந்த வரப்புப் பக்கம் போகாதீர்கள். சாயங்காலம் சீக்கிரம் கிளம்ப முடிகிற நாளில், கரைமேல் மடைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கொசு பிடுங்கித் தின்றுவிடும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இருட்டும்போது கோரைக்குள்ளிருந்து யாரோ காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல் விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தால் அது பெண். எழுந்து போய்த் தேடவேண்டாம். சேற்றோரமாக வெளியே வந்து பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி மேயும், அங்கிருந்தே பைனாகுலரில் தெரியும்.

அப்புறம் அந்த ஈபேர்ட் பதிவைத் திறந்து 'ஆண் 1' என்று திருத்திவிடுங்கள்.