கேளுங்க, சொல்றோம்: வீடு நின்னுச்சு, ஆளுங்க மாறிட்டாங்க

கேள்வி: ஐயா, ஃபேஸ்புக்குல ஒரு படம் பாத்தேன். மஞ்சளும் ரோஸுமா வீடுங்க ரெண்டு பக்கமும் வரிசையா நிக்குது, நடுவுல புல்லுத்தரை, ஒரு குளம். ஹோலஷோவிட்சே, செக் நாடுன்னு போட்டிருந்துச்சு. எங்க ரப்பர் தோட்டத்து லயம், அதான் தொழிலாளிங்க வரிசை வீடு, ஞாபகம் வந்திருச்சு. அது என்ன ஊரு?
(ஒரு வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா)

பதில்: நல்ல ஊரைத்தான் கேட்டிருக்கீங்க தங்கச்சி. செக் நாட்டோட தெக்கு பக்கம், செஸ்கே புத்யெயோவிட்சேன்னு பீருக்கு பேர் போன ஒரு டவுன் இருக்கு, அங்கருந்து மேற்கே 15 கிலோமீட்டர்தான். சுத்தி வயலு, மீன் வளக்குற குளங்க, கொஞ்சம் தள்ளி 1,084 மீட்டர்ல க்ளெத் மலை.

1292-ல ராஜா இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை அப்படியே விஷ்ஷீ ப்ரோட்ங்கிற கிறிஸ்தவத் துறவிங்க மடத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு, ஆளுங்களையும் சேத்துத்தான், அப்புறம் 1848 வரைக்கும் மடம்தான் முதலாளி. நடுவுல 1520-லருந்து 1525 வரைக்கும் கொள்ளைநோய் வந்து ஊரே செத்துப்போச்சு, மிஞ்சினது ரெண்டே பேருன்னு சொல்றாங்க, நெனச்சாலே மனசு கனக்குது. நிலம் சும்மா கெடக்கக்கூடாதுன்னு மடம் ஜெர்மன் பேசுற பவாரியாவுலருந்தும் ஆஸ்திரியாவுலருந்தும் குடியானவங்களைக் கொண்டாந்து இறக்குச்சு. அதனால செக் ஊரு மெதுவா ஜெர்மன் பேசுற ஊராயிருச்சு. ஆளு பத்தலன்னா வேற சீமையிலருந்து கப்பலேத்திக் கொண்டாந்தவங்க கதை நமக்குத் தெரியாததா?

நீங்க படத்துல பாத்த வீடெல்லாம் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டுல கட்டினது. 1848-ல பண்ணையடிமை வேலைய ஒழிச்சாங்க, நிலம் குடியானவன் கைக்கு வந்துச்சு, கையில காசு பொழங்குனதும் ஆளாளுக்கு வீட்டு முகப்பை எடுப்பாக் கட்டுனாங்க. முகப்போட மேல்பக்கம் அலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், அதுல சுண்ணாம்புல பூ வேலை, கட்டுன வருஷம்கூட எழுதியிருப்பாங்க. பக்கத்துல வளைவு வாசல், அது வழியா வண்டி உள்ள போனா களஞ்சியம், தொழுவம், பின்னால நீட்டு நீட்டா அவங்கவங்க நிலம். நடு மைதானத்துல 1755-ல கட்டுன சின்னக் கிறிஸ்தவக் கோயிலும் இருக்கு.

கேள்வி: அப்ப நம்ம லயம் ஏன் நிக்கல, அது மட்டும் ஏன் நிக்குது?
(அதே வாசகி)

பதில்: 1945, 46-ல யுத்தம் முடிஞ்சு ஜெர்மன்காரங்களை நாட்டை விட்டே அனுப்பிட்டாங்க, மொத்தம் 30 லட்சம் பேரு வரும். ஹோலஷோவிட்சேயும் காலியாச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சியில பல வீடு பூட்டியே கெடந்துச்சு, ஆனா யாரும் இடிச்சு புதுசு கட்டலை, கட்ட அவசியமும் இல்லை. அந்த அலட்சியம்தான் காப்பாத்துச்சுன்னு நான் நெனக்கிறேன். 1990-க்கு மேல பழுது பாத்தாங்க, 1998-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய ஊருன்னு அறிவிச்சுது, இப்ப நூத்தி சொச்சம் பேரு உள்ளயே குடியிருக்காங்க.

நம்ம கதை வேற. லயத்துல மூணு தலைமுறை பொறந்து செத்தாலும் வீடு கம்பெனியோடது, தோட்டம் கைமாறுனா, பால்மரம் போயி செம்பனை வந்தா, இல்ல தாமான்னு புது வீட்டு மனை வந்தா, லாரி வந்து நிக்கும், சாமான ஏத்திக்கிட்டுக் கிளம்பணும். குடியிருந்தவன் பேருல ஒரு அடி மண்ணு இல்லன்னா அவன் அடிச்ச சுண்ணாம்புக்கும் மதிப்பில்ல. எனக்கு இதுல கோவம் இன்னும் ஆறல. உங்க தோட்டத்துல கோயில், தமிழ்ப்பள்ளி, காலையில ஆளெடுக்குற பெரட்டுக்களம், புள்ளைங்களைப் பாத்துக்குற ஆயாக்கொட்டகை எது இன்னும் நிக்குதோ அதை இப்பவே ஃபோன்ல படம் எடுங்க, எந்த வீட்டுல யாரு இருந்தாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு பேரோட எழுதி வைங்க.

கேள்வி: போய்ப் பாக்க முடியுமா? விசா வேணுமா?
(ஒரு வாசகர், கோல சிலாங்கூர்)

பதில்: தாராளமா போகலாம். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலான்னா 90 நாள் வரைக்கும் விசா இல்லை. பிராக் வரைக்கும் ஃப்ளைட், அங்கருந்து ரயில்ல செஸ்கே புத்யெயோவிட்சே, அப்புறம் பஸ்ஸோ காரோ. ஜூலை கடைசியில குடியானவங்க திருவிழா நடத்துவாங்க, கைவினைக்காரங்க கடை போடுவாங்க, கூட்டம் நிக்க எடமிருக்காது, அமைதியா வீட்டு முகப்ப பாக்கணும்னா வேற மாசம் போங்க. அந்தப் பக்கம் குளத்துக் கெண்டை மீன் ரொம்ப விசேஷம், ரொட்டித்தூள்ல பெரட்டி பொரிப்பாங்க, நம்ம ஆளுங்க சம்பல் ஒரு பாட்டில் பையில வச்சுக்கிறது நல்லது.