டீச்சரைக் கேளுங்கள்: ஏலக்கூடத்தில் கான்ட்ரா

கேள்வி: டீச்சர், கணவர் வேலைக்காக நாலு வருஷம் மாசசூசெட்ஸில் இருந்தோம். அங்கே சனிக்கிழமை ராத்திரிகளில் கான்ட்ரா என்கிற அமெரிக்க நாட்டுப்புறக் கூட்டு நடனத்துக்குப் போய்ப் பழகினேன். இப்போது மண்டபத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணன்கள் கரையில் சும்மாதான் இருப்பார்கள். மதினிமார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து 40 பேரை ஒரு சாயங்காலம் கான்ட்ரா ஆடவைக்க ஆசை. ஒருவருக்கும் முன்பழக்கம் இல்லை. 7 மணி முதல் 10 மணி வரை 12 ஆட்டம் எழுதி வைத்திருக்கிறேன். கடற்கரை மணலிலேயே வைத்துக்கொள்ளலாமா? (மண்டபம் வாசகி)

பதில்: 12 ஆட்டத்தில் ஆறை இப்போதே அடித்துவிடும்மா. மிச்ச ஆறில் கான்ட்ரா ஒன்றே ஒன்று இருக்கட்டும், அதுவும் கடைசியில்.

கோபப்படாதே. மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கிரீன்ஃபீல்டில் நானும் ஒரு நாள் ஆடினேன், புடவையோடு. நீளமாக இரண்டு வரிசை, ஆளுக்கு எதிரே ஆள், இரண்டு ஜோடிக்கு ஒரு கூட்டு. 64 தாளத் தட்டு முடிவதற்குள் ஒரு சுற்று முடிகிறது. ஒரு ஜோடி கீழே இறங்க, மற்றது மேலே ஏற, புது ஜோடியோடு அதே ஆட்டம் மறுபடியும். 31 வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் நான், மூன்றாவது சுற்றிலேயே திசை தெரியாமல் நின்றேன். ஒரு தாத்தா என் முழங்கையை மெல்லத் திருப்பிவிட்டார். எதிரே நின்ற பெண் புருவத்தாலேயே ‘இந்தப் பக்கம்’ என்றாள். மேடையில் மைக்கோடு நின்று அடவு சொன்னவரைவிட அந்தக் கைகள் சொல்லித் தந்ததுதான் எனக்கு அதிகம். கான்ட்ராவில் புதுசாக வருகிறவர் பிழைப்பது இப்படித்தான். உன் கூட்டத்தில் விஷயம் தெரிந்த கை உன்னுடையது மட்டும். அதுவும் மைக்கைப் பிடித்திருக்கும்.

முனைதான் இன்னும் சிக்கல். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, தங்களுக்குள் இடம் மாறி, மறுபடி உள்ளே வரவேண்டும். உன் அண்ணன் அங்கேதான் பீடி பற்றவைப்பார்.

அதனால் முதல் ஆட்டம் வட்டமாக இருக்கட்டும். வட்டத்துக்கு முனை கிடையாது, ஜோடியும் தேவையில்லை. ஜிக் என்கிற மெட்டு ஆறு எண்ணிக்கையில் ஓடுவது, நம் கும்மி நடைக்குப் பக்கத்துச் சொந்தம். மதினிமாருக்குக் கால் தானாக வரும். அடுத்து இரண்டு வரிசையும் எதிரெதிரே வந்து விலகும் ஆட்டம். ‘பூப்பறிக்க வருகிறோம்’ விளையாடாத பெண் நம் பக்கத்தில் உண்டா? அதே நடைதான். மூன்றாவதாக வர்ஜீனியா ரீல் கொடு. தலை ஜோடி கைகோத்து வளைவு பிடிக்க, மற்றவர்கள் குனிந்து நுழைந்து போவார்கள். பிள்ளைகள் அதை மறுபடி மறுபடி கேட்பார்கள்.

எதையும் இசை இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் நடத்திக் காட்டாதே. மூன்றாம் முறை முகங்கள் வாடிவிடும், பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே நிமிஷத்துக்கு 110 முதல் 120 தட்டு ஓடும். நீ 100க்குப் பக்கத்தில் வைத்துக்கொள். நாதஸ்வரமும் தவிலும் வேண்டாம், உன் குரல் மூழ்கிவிடும். டோலக்கும் புல்லாங்குழலும் போதும். பாடுகிறவர் எட்டு எட்டுத் தட்டாக வரியை முடிக்கட்டும். நடுவில் விருத்தம் மாதிரி இழுத்தால் 40 பேரும் நட்டுவைத்த கம்பமாக நிற்பார்கள்.

நீ எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கை பிடிப்பது. மதினியும் கொழுந்தனும், மாமனாரும் மருமகளும் எதிரெதிரே வந்துவிட்டால் என்ன செய்வாய்? ஒயிலாட்டக் கைக்குட்டையைக் கொடுத்துவிடு. ஆளுக்கு ஒரு முனை. பிடியும் இருக்கும், கூச்சமும் இருக்காது. இடுப்பை அணைத்துச் சுழலும் ஸ்விங்கை விட்டுவிட்டு, இரண்டு குட்டையை இரண்டு கையிலும் பிடித்துச் சுற்றச் சொல். தலை சுற்றுகிறவர் எதிராளியின் நெற்றிப் பொட்டையோ திருநீற்றையோ பார்க்கட்டும்.

ஆண் பெண் என்று வரிசை பிரிக்கவும் வேண்டாம். அங்கேயே பல இடங்களில் இப்போது இடது ஆளை லார்க், வலது ஆளை ராபின் என்று பறவைப் பெயரில்தானே கூப்பிடுகிறார்கள்? நமக்கு மீன் போதும். இடது இறால், வலது வாளை. முதல் எழுத்தே பக்கத்தைச் சொல்லிவிடும். உன் அண்ணன் வாளையாக இருக்க மறுத்தால் இறாலாக்கு, விலையும் கூட.

மணல் வேண்டவே வேண்டாம். மணலில் சுற்றினால் முழங்கால் திரும்பும், பாதம் திரும்பாது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு வராத அந்த 61 நாளில் மீன் ஏலக்கூடம் சாயங்காலத்தில் காலியாக இருந்தால் கேட்டு வாங்கு. முந்தின நாளே கழுவிவிட்டு, மூலை மூலையாகக் கையால் தடவிப் பார். காய்ந்த செதில் கண்ணுக்குத் தெரியாது, ஈரம் பட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று சொல். ஆனி பிறந்துவிட்டால் கச்சான் காற்று உன் குரலை வாரிக்கொண்டு போய்விடும், அதற்குள் நடத்திவிடு.

அந்தக் கூடத்திலேயே உனக்கு ஒரு வாத்தியாரும் உண்டு. ஏலம் கூறுகிறவரை ஒரு நாள் காலையில் போய்க் கவனி. இந்த விலை வாயிலிருந்து விழுவதற்கு முன்பே அடுத்ததை எடுத்திருப்பார். அடுத்த அடவையும் அப்படித்தான் முந்தைய அடவின் கடைசி நாலு தட்டுக்குள் சொல்லி முடிக்கவேண்டும். தட்டு விழும்போது சொன்னால் கால் பிந்திவிட்டது என்று அர்த்தம். நாலைந்து சுற்று கழிந்ததும் சொற்களைக் குறைத்துக்கொண்டே வந்து, வாயை மூடிவிடு. அப்புறமும் ஆட்டம் ஓடினால் அவர்களுக்கு ஆட்டம் வந்துவிட்டது.

நேரம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். அந்தி நேர மக்ரிப் தொழுகை முடிந்து எல்லாரும் வந்ததும் தொடங்கு. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்டதும் இசையை நிறுத்து, அதுவே இடைவேளை. நுங்கு கிடைக்கிற காலம், வெட்டிப் போட்டுச் சர்பத் கொடு. அங்கே கடைசியில் வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனம் வைப்பார்கள், நீ கும்மியிலேயே முடித்துக்கொள்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. கோலாட்டத்தில் சேர்ந்தே தீருவேன் என்கிறார். (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: நாற்காலி போட்டு, கையில் கோலைக் கொடுத்து, தாளம் அவருடையது என்று சொல்லிவிடுங்கள். குதிப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: பின்னல் கோலாட்டத்தில் கயிறு பின்னுகிறது, பிரிக்கும்போது சிக்கிக்கொள்கிறது. ஆண்டுவிழாவுக்குப் பத்தே நாள். (தொண்டி ஆசிரியை)

பதில்: பின்னிய வழியிலேயே திரும்ப வந்தால் சிக்காது. எண்ணிக்கை இரட்டைப்படையா என்று முதலில் பாருங்கள். ஒன்று விட்டு ஒருத்திக்குச் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள், சிவப்பு ஒரு திசை, மற்றவர்கள் எதிர்த் திசை. ‘பிரி’ என்றதும் எல்லாரும் நின்ற இடத்திலேயே திரும்பவேண்டும், கடைசியாகத் தாண்டியவளே முதலில் திரும்பத் தாண்டவேண்டும். ஒருத்தி மட்டும் ஓரடி கூட வைத்துவிட்டுத் திரும்புவாள். அவள் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவளைச் சன்னல் பக்கம் நிறுத்துங்கள்.