பாரம் குறைந்த துவக்குத்தான் கூட உதைக்கும்

கேள்வி: பன்றிக்காக வைத்திருக்கும் என் பழைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துவக்கு தோளைப் பதம் பார்க்கிறது. பாரம் குறைந்த ஒன்றுக்கு மாற்றினால் உதை இருக்காது என்கிறார் ஒரு தரகர். உண்மையா? (சாவகச்சேரி வாசகர்)

பொய். ஒரு கடதாசியும் பேனையும் போதும், நீங்களே பார்க்கலாம். சாதாரணத் தோட்டாவில் சன்னமும் அடைப்பும் சேர்த்து 35 கிராம், வேகம் செக்கனுக்கு 400 மீற்றர். கிராமைக் கிலோவாக்கிப் பெருக்கினால் 14. வெடிமருந்து எரிந்து வரும் வாயுவுக்கு இன்னுமொரு 2 போடுங்கள், 16. இதைத் துவக்கின் பாரத்தால் பிரித்தால் அது பின்னால் வரும் வேகம் கிடைக்கும். 3.2 கிலோ என்றால் செக்கனுக்கு 5 மீற்றர். பாரத்தின் பாதியை வேகத்தால் இருமுறை பெருக்கினால் உதையின் சக்தி, 40 யூல். 2.6 கிலோவுக்கு 49 யூல். தரகர் விற்கப்பார்ப்பது இந்த 49ஐ.

  

தரகரிடம் காசு கொடுத்துவிடாதீர்கள். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயருக்கும் அந்தத் துவக்கின் இலக்கத்துக்கும்தான். "பேப்பரை நான் பார்க்கிறேன்" என்பவர், பொலிஸ் வந்தால் ஊரில் இருக்கமாட்டார். வருடா வருடம் புதுப்பிக்கவே கையெழுத்துக்கு அலைய வைக்கிறார்கள். அந்த அலைச்சலில்தான் இவர்களுக்குப் பிழைப்பு.

தோளுக்கு றப்பர் மெத்தை போடுங்கள். சக்தி குறையாது, இடி மெதுவாக இறங்கும். துவக்கின் பின்கட்டையைத் தோளோடு இறுக்கி அணையுங்கள்.

ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். பழைய ஆங்கிலத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீற்றர். இப்போது வரும் பெட்டிகளில் 70 என்று இருக்கும். 70 தோட்டா அதற்குள் தடையில்லாமல் போய்விடும், துவக்கும் பூட்டிவிடும். ஏனென்றால் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம், மடிந்திருக்கும்போது குட்டை. வெடிக்கையில் அந்த வாய் குழல் ஒடுங்கும் இடத்தில் போய் விரிந்து வழியை நெரிக்கும். அமுக்கம் ஏறும், உதையும் ஏறும். திடீரென்று உதை கூடியதாக வருகிற முறைப்பாடுகளில் நான் முதலில் கேட்பது, தோட்டாப் பெட்டியை மாற்றினீர்களா என்றுதான்.

தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையைப் பாருங்கள். 2½ (அங்குலம்) என்று பொறித்திருந்தால் 65தான். ஒன்றும் தெரியாவிட்டால் துவக்குத் திருத்துபவரிடம் அறையை அளக்கக் கொடுங்கள். அதுவரை ஒரு வெடிகூட வேண்டாம்.