ஆற்றலை இழந்தால் வேகம் கூடுமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஈர்ப்பியல் பாடத்தில் செயற்கைக்கோளின் மொத்த ஆற்றல் எதிர்க்குறியோடு வருகிறது. ஆற்றல் எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று கேட்கிறாள். இன்னொன்று, காற்று உரசி செயற்கைக்கோள் கீழே இறங்கினால் அதன் வேகம் கூடும் என்று சூத்திரம் காட்டுகிறதாம். உரசினால் வேகம் குறையத்தானே வேண்டும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க., விருதுநகர்

அன்புள்ள க.,

எதிர்க்குறியை முதலில் முடித்துவிடுவோம். நிலை ஆற்றலுக்குப் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது நம் வசதி. முடிவிலாத் தொலைவில் வைத்தால், அங்கிருந்து பூமியை நெருங்க நெருங்க மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். மொத்த ஆற்றல் எதிர்க்குறியில் இருக்கும்வரை அந்தப் பொருளால் பூமியை விட்டு விலகிப் போக முடியாது. அந்தக் குறி சொல்வது அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்துகளாலான சூத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. எண்களைப் போட்டே ஆகவேண்டும். ஈர்ப்பு மாறிலியையும் பூமியின் நிறையையும் பெருக்கினால், கிலோமீட்டர்-வினாடி அலகில், 3,98,600 வரும். அதைச் சுற்றுப்பாதையின் ஆரத்தால் வகுத்து எதிர்க்குறி போட்டால் ஒரு கிலோவுக்கான நிலை ஆற்றல் நேராக மெகாஜூலிலேயே கிடைத்துவிடும். வட்டப்பாதையில் இயக்க ஆற்றல் அதில் பாதி, நேர்க்குறியில்.

சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் உயரம் சுமார் 400 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,378ஐச் சேர்த்தால் 6,778. நிலை ஆற்றல் −58.81, இயக்க ஆற்றல் 29.40, மொத்தம் −29.40. வேகம் வினாடிக்கு 7.67 கிலோமீட்டர். இப்போது 300 கிலோமீட்டருக்கு இறக்குங்கள். நிலை ஆற்றல் −59.69, இயக்க ஆற்றல் 29.84, மொத்தம் −29.84. வேகம் 7.73.

நிலை ஆற்றலில் 0.88 மெகாஜூல் போயிருக்கிறது. அதில் பாதி, 0.44, காற்றில் வெப்பமாகக் கரைந்தது. மீதிப் பாதி வேகமாக மாறியது. கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் பின்னோக்கி இழுக்கும் காற்று எப்படி முன்னோக்கித் தள்ளும்? தள்ளுவது காற்றல்ல. ஆற்றல் குறையும்போது பாதை மிக மிக லேசாகக் கீழ்நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வில் ஈர்ப்பின் ஒரு சிறு கூறு பயணத் திசையிலேயே இழுக்கத் தொடங்கும். அது காற்றின் தடையைப் போல இரண்டு மடங்கு! ஒரு மடங்கு தடையை ஈடுகட்டும், மறு மடங்கு வேகத்தைக் கூட்டும். இயற்பியலில் இதைவிட அழகான இடங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

வேகம் கூடியும் பாதை காப்பாற்றப்படுவதில்லை. கீழே காற்று இன்னும் அடர்த்தி; இழப்பும் கூடிக்கொண்டே போகும். சூரியன் சீற்றம் கொண்டபோது மேல்வளிமண்டலம் வீங்கி, ஸ்கைலேப் நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே 1979 ஜூலையில் விழுந்தது இப்படித்தான். இன்றைய நிலையத்தை அவ்வப்போது எஞ்சினை இயக்கி முன்னோக்கித் தள்ளுகிறார்கள். தள்ளி முடித்தபின் அது முன்பைவிட உயரத்தில், முன்பைவிட மெதுவாகச் சுற்றும்.

மகளை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை ஆரம் 42,164 கிலோமீட்டர். மொத்த ஆற்றல் −4.73, வேகம் 3.07 என்று வரவேண்டும். வராவிட்டால் பூமியின் ஆரத்தை இரண்டாம் முறை கூட்டிவிட்டாளா என்று பார்க்கச் சொல்லுங்கள்.