வண்ணார்பேட்டை ஃபிளெக்ஸும் விக்கிப்பீடியா பக்கமும்

கேள்வி: என் அக்கா மகன் 2 படங்களில் நடித்திருக்கிறான். ஒன்றில் கதாநாயகனின் நண்பனாக 4 காட்சிகள். இன்னொன்றில் முக்கிய வேடம், படம் இன்னும் வெளிவரவில்லை. விக்கிப்பீடியாவில் அவனுக்குப் பக்கம் போட்டுத் தருவதாகச் சென்னையில் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். பக்கம் இருந்தால்தான் டைரக்டர்கள் மதிப்பார்களாம். பணம் கொடுக்கலாமா? அல்லது நானே எழுதிவிடலாமா? பத்திரிகைத் துணுக்குகள் சிலவற்றின் நகல் இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய்மாமன், பாளையங்கோட்டை

பதில்: கொடுக்காதீர்கள். நீங்களும் எழுதாதீர்கள்.

மருமகன் படம் வெளியானபோது வண்ணார்பேட்டையில் ஃபிளெக்ஸ் வைத்திருப்பீர்கள். கீழ்வரிசையில் உங்கள் படமும் இருந்திருக்கும், தப்பில்லை. ஃபிளெக்ஸ் வைக்க ஆசையும் காசும் போதும். கலைக்களஞ்சியத்தில் இடம்பிடிக்க அந்த இரண்டும் உதவாது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒருவரைப் பற்றிக் கட்டுரை இருக்கலாமா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் சொல் 'குறிப்பிடத்தக்கமை'. ஆள் திறமைசாலியா, நல்லவனா என்பதல்ல அங்கே கேள்வி. அவனோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள், நம்பத்தகுந்த ஏடுகளில், அவனைப் பற்றி விரிவாக, தாங்களாகவே எழுதியிருக்கிறார்களா என்பதுதான். நடிகர் என்றால், பேசப்பட்ட படங்கள் பலவற்றில் முக்கிய வேடம் ஏற்றிருக்கிறாரா என்றும் பார்ப்பார்கள். வெளிவராத படம் கணக்கில் ஏறாது. நண்பன் வேடத்தில் வந்த 4 காட்சியும் போதாது.

நீங்கள் அனுப்பிய துணுக்குகளை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நாளிதழ் விமர்சனத்தில் அவன் பெயர் ஒரே ஒரு இடத்தில், மற்ற நால்வரோடு சேர்ந்து வருகிறது. அது கடந்துபோகும் குறிப்பு. பேட்டி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் பேசுவது அவனே, தன்னைப் பற்றித் தானே சொன்னது சாட்சியாகாது. இன்னொரு துணுக்கு, படக்குழு அனுப்பிய செய்திக்குறிப்பு அப்படியே அச்சானது. முற்றுப்புள்ளி முதற்கொண்டு ஒன்றாக இருக்கும் அதே செய்தியை வேறு இரண்டு இடங்களிலும் பார்த்தேன். சினிமா தகவல் தளத்தின் அச்சுப்படி ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம் என்பதால் அதையும் ஒதுக்கிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

படங்களின் எண்ணிக்கை மட்டும்தான் அளவுகோல் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் நெல்லை தங்கராஜை நினைத்துப் பாருங்கள். தெருக்கூத்துக் கலைஞர். 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகனின் தந்தையாக வந்தார். அதற்குப் பிறகு அவருடைய கூத்து வாழ்க்கையையும் வீட்டு நிலைமையையும் செய்தியாளர்கள் எழுதினார்கள். 2023-இல் அவர் காலமானபோதும் எழுதினார்கள். அப்படி எழுதப்பட்டதைத்தான் நான் சான்று என்கிறேன்.

இந்த விதியில் ஓர் அநியாயமும் உண்டு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடியக் கணியான் கூத்து பாடிய அண்ணாவிகளையும், மகுடம் என்னும் தோல்கருவியை அடித்தவர்களையும் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி எந்த ஏடும் ஒரு வரி எழுதவில்லை. எழுத்தில் இல்லாதவருக்குக் கலைக்களஞ்சியத்திலும் இடமில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்களும் ஆய்வாளர்களும்.

இனி அந்தச் சென்னை ஆசாமி. பக்கம் நிலைக்கும் என்று உறுதி கொடுக்க உலகத்தில் யாராலும் முடியாது. காசு வாங்கி எழுதுகிறவர், யாரிடம் வாங்கினார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதல் விதியே இருக்கிறது. அவர் அதைச் சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். மறைத்து எழுதிச் சிக்கினால் நீக்கச் சொல்லி யாராவது முன்மொழிவார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த விவாதம் வழக்கமாக 7 நாள் நடக்கும். பக்கம் போனபிறகும் விவாதம் ஆவணத்தில் கிடக்கும். "குறிப்பிடத்தக்கவர் அல்லர்" என்று பத்துப்பேர் சொன்னதை, தேடுகிற எவரும் படிக்கலாம். வளர்கிற பையனுக்கு இதுவா தேவை?

நீங்கள் எழுதினால் செலவில்லையே என்பீர்கள். தாய்மாமன் கை நடுநிலையாக ஓடாது. அதனால்தான் உறவினர் எழுதுவதை அங்கே விரும்புவதில்லை. அதோடு, பக்கம் வந்துவிட்டால் அது அவனுடைய சொத்தும் அல்ல. நாளைக்கு ஒரு வழக்கோ வம்போ அச்சில் வந்தால், அதையும் யாராவது உரிய சான்றோடு சேர்ப்பார்கள். அழிக்க உங்களால் முடியாது.

இரண்டாவது படம் வரட்டும். அவனைப் பற்றி வருகிற விமர்சனங்களை ஏட்டின் பெயர், தேதி, பக்க எண்ணோடு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒருநாள் கட்டுரை எழுத உட்கார்ந்தால், அவருக்குச் சான்றுக்கு அடுத்தபடி தட்டுப்பாடாக இருப்பது நல்ல புகைப்படம். படப்பிடிப்பு ஸ்டில்லைக் கொடுத்துவிடாதீர்கள், அதன் உரிமை உங்களுடையதல்ல. ஊர்க் கொடையின்போது நீங்களே எடுத்த படம் ஒன்று இருக்குமே, அதைப் பத்திரப்படுத்துங்கள்.