ஆறரை அடி ஆளுக்கு எந்த விமானம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். உயரம் ஆறடி ஆறு அங்குலம், எடை 245 பவுண்டு. பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுக்க ஆசை. பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 152-இல் உட்கார வைத்தார்கள், கதவை மூடவே மூச்சு முட்டிவிட்டது. பேசாமல் பழைய விமானம் ஒன்றை மலிவாக வாங்கி அதிலேயே கற்றுக்கொள்ளலாமா? என் உடம்புக்கு எது சரிப்படும்?

பதில்: ஒருவருக்கு 170 பவுண்டு என்று விதிப்புத்தகம் கணக்குப் போட்ட காலத்தில் பிறந்தவை செஸ்னாவின் இரண்டு சீட் விமானங்களான 150-உம் 152-உம். அதில் நீங்கள் அடங்காதது உங்கள் குற்றமில்லை.

வாங்குகிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். ஆறடி ஆறு அங்குலம் என்று மட்டும் சொன்னால் எனக்குப் பாதிதான் தெரியும், அதில் இடுப்புக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு? விமானப்படைத் தேர்வில் உட்கார்ந்த உயரம், கால் நீளம், தொடை நீளம் என்று தனித்தனியாக அளப்பது இதற்காகத்தான். உடம்பு நீளமென்றால் ஹெட்செட் கூரையில் இடிக்கும். கால் நீளமென்றால் முழங்கால் யோக்கில் (விமானத்தின் ஸ்டியரிங்) இடிக்கும். இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

என்னிடம் படித்த ஒரு நெட்டைப் பையன் (அவன் ஆறடி ஐந்து) முதல் நாள் 150-இல் ஏறி "நல்லாத்தான் சார் இருக்கு" என்றான். தரையில் உருட்டிப் போகும்போது இடப்பக்கக் காற்றுக்கு யோக்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பச் சொன்னேன். பாதியிலேயே நின்றுவிட்டது. யோக்கின் இடது கொம்பு தொடையில் போய் உட்கார்ந்திருந்தது, அவனோ வலிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் அழுத்துகிறான். நேராகப் பறக்கும்போது இது தெரியவே தெரியாது, குறுக்குக் காற்றில் இறங்கும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம். அதனால் எந்த விமானத்தில் உட்கார்ந்தாலும் ஹெட்செட் போட்டு, பெல்ட் கட்டி, ஒரு ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் மிதிகட்டை) முழுக்க மிதித்துக்கொண்டே யோக்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிறகு வயிறுவரை இழுத்துப் பாருங்கள். ஷூ நுனி தானாகப் பிரேக்கை மிதிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

சரி, கால் எப்படியோ அடங்கியது என்றே வைப்போம். எடை விடாது. 150-இல் ஆள், எரிபொருள், பை எல்லாம் சேர்த்து ஏற்றக்கூடியது ஏறக்குறைய 500 பவுண்டு, 152-இல் கொஞ்சம் கூட. நீங்கள் 245, இன்ஸ்ட்ரக்டர் 190 என்றால் 435 போய்விட்டது. மிச்சம் 65. பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு, ஆக 11 கேலன்கூட முழுசாக வராது. மணிக்கு 6 கேலன் குடிக்கும், பகலில் அரை மணி நேரக் கையிருப்பு கட்டாயம். போனால் ஒன்றேகால் மணி நேரம். அதுவும் டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் 100 குதிரைசக்தி எஞ்சினோடு மேலே ஏறுவதென்றால், மாட்டு வண்டி மேம்பாலம் ஏறுவதுபோல இருக்கும்.

என் ஓட்டு பழைய செஸ்னா 172-க்கு. 1956-இல் சந்தைக்கு வந்தது, இன்றுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உதிரி பாகம் கிடைக்காத ஊர் இல்லை. எழுபதுகளில் வந்த 172-இல் மொத்த எடை வரம்பு 2,300 பவுண்டு. நீங்கள் இருவரும் ஏறி டேங்கை நிரப்பிய பிறகும் இடம் இருக்கும். இரண்டு பக்கமும் கதவு இருப்பது நெட்டை ஆளுக்குப் பெரிய வரம். ஒரு குறை, உட்கார்ந்த உயரம் அதிகமென்றால் உங்கள் கண் இறக்கையின் அடிப்பக்கத்துக்கு நேராக வந்துவிடும், பக்கவாட்டில் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும். பழகிவிடும், ஆனால் திரும்புமுன் குனிந்து பார்க்கிற பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

பைப்பர் செரோக்கி 140-உம் மோசமில்லை. 150 குதிரைசக்தி, சுமையும் தாராளம். ஆனால் கதவு வலப்பக்கம் ஒன்றே ஒன்று. இறக்கையில் ஏறி, வலது சீட்டைத் தாண்டி, உடம்பை மடித்து இடது சீட்டுக்கு நகர வேண்டும். ஆரம்பகால மாடல்களில், மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ட்ரிம் கைப்பிடி வேறு கூரையில் தொங்கும்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று பைப்பர் டோமஹாக். 1978 முதல் 1982 வரைதான் செய்தார்கள். இரண்டு சீட்தான், 112 குதிரைசக்திதான், ஆனால் கேபின் 152-ஐவிட நன்றாக அகலம், இரண்டு கதவு, சுற்றிலும் கண்ணாடி. ஸ்டால் (இறக்கை தூக்குசக்தியை இழக்கும் நிலை) விஷயத்தில் கெட்ட பெயர் உண்டு, அதனால் அந்த விமானத்தை நன்றாகத் தெரிந்த இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். இறக்கைக்கு 11,000 மணி நேரம்தான் ஆயுள், வாங்கினால் பதிவேட்டில் முதலில் அதைப் பாருங்கள். எடைக் கணக்கு இதிலும் உங்களை இடிக்கும், அதனால் உங்களுக்கு இது இரண்டாம் பட்சம்.

டயமண்ட் டி.ஏ.20 வாடகைக்குக் கிடைத்தால் ஒரு மணி நேரம் பறந்து பாருங்கள். அதில் சீட் நகராது, பெடல்தான் முன்னும் பின்னும் போகும். யோக்குக்குப் பதில் ஸ்டிக் (கால்களுக்கு நடுவே நிற்கும் குச்சி), முழங்கால் தகராறு பெரும்பாலும் தீர்ந்தது. விலைதான் 150-க்கு எட்டாத உயரம்.

இப்போது வாங்குகிற பேச்சு. சட்டப்படி லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம், பெரும்பாலோருக்கு 60-ஐத் தாண்டிவிடுகிறது. சொந்த விமானத்தில் இன்ஸ்ட்ரக்டருக்கு மட்டும் காசு கொடுத்துப் படித்தால் ஒவ்வொரு 100 மணி நேரப் பறப்புக்கும் ஒரு பரிசோதனை என்பது கட்டாயமில்லை, ஆண்டுப் பரிசோதனை போதும். அது ஒரு மிச்சம். ஆனாலும் வாடகை 172-இல் முதல் பத்து மணி நேரம் பறந்துவிட்டு முடிவெடுங்கள். பெண் பார்க்காமலே முகூர்த்தம் குறிக்காதீர்கள்.

கேள்வி: நான் ஆறடி மூன்று, மனைவி ஐந்தடி ஒன்று. இருவருமே படிக்கிறோம். ஒரே செஸ்னாவில் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அவருக்கு முதுகுக்கும் அடிக்கும் குஷன், உங்களுக்கு சீட் தண்டவாளத்தில் பின்பக்கக் கடைசித் துளை. உயரத்தை ஏற்றி இறக்கும் சீட் உள்ள 172 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் சீட் தண்டவாளத்தில் பூட்டு விழுந்ததா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கி, பைலட் யோக்கையும் சேர்த்து இழுத்து நடந்த விபத்துகள் உண்டு. அந்தத் தண்டவாளங்களை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்று 1987-இலேயே அரசு ஆணை போட்டது. நீங்கள் ஏற்கெனவே கடைசித் துளையில் இருப்பதால் வழுக்கப் பெரிதாக இடமில்லை, ஆபத்து உங்கள் மனைவிக்குத்தான் அதிகம்.

கேள்வி: தலை இடிக்கிறது. சீட் குஷனை நானே அறுத்து மெல்லிசாக்கிவிடலாமா?

பதில்: கூடாது. அது சோபா இல்லை. சான்றிதழ் பெற்ற விமானத்தில் சீட்டும் சான்றிதழுக்குள்தான் வருகிறது. எளிதில் தீப்பிடிக்காத துணி, மோதினால் முதுகுத்தண்டைக் காக்கும் நுரை எல்லாம் அதில் அடக்கம். லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். புதிதாகச் செய்யும்போது நுரையை மெல்லியதாகக் கேட்டு, பதிவேட்டில் எழுதி வாங்கலாம். ஒரு அங்குலம் கிடைத்தாலே ஹெட்செட் கூரையை விட்டு இறங்கிவிடும். அதுவரை மேல்பட்டை மெல்லிசாக உள்ள ஹெட்செட்டை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.