எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை: செலவுக்கு ஏற்ற பலன் உண்டா?

எச்.ஐ.வி. வராமல் தடுக்கச் சாப்பிடும் 'ப்ரெப்' மாத்திரை பற்றிக் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இது தடுப்பூசி மாதிரியா? (வில்லியனூர்)

இல்லை. எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் சேர்ந்த மாத்திரை. உடம்பில் மருந்து இருக்கும்வரைதான் காவல். ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகப் பரிசோதனைகள் அவசியம்.

எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் என்ன? (கடலூர், கல்லூரி மாணவி)

நல்ல மனசோடு கேட்கிறாய் அம்மா. ஆனால் கணக்கு போட்டுப் பார். மாத்திரை மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வருடம் 24,000. ஆண்டுக்கு 100 பேரில் 3 பேருக்குத் தொற்று வரும் கூட்டத்தில் 100 பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டால், 24 லட்சத்தில் ஏறக்குறைய 3 தொற்றைத் தடுக்கலாம். தொற்று ஒன்றுக்கு 8 லட்சம். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே வரும் இடத்தில் அதே மாத்திரையால் ஒரு தொற்றைத் தடுக்க 2.4 கோடி ஆகிவிடும்! மருந்து ஒன்றுதான், யார் கைக்குப் போகிறது என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு என்று பரிந்துரைத்தபோது வைத்த அளவும் ஏறத்தாழ இந்த 100-க்கு 3தான். நம் நாட்டில் பெரியவர்களில் 0.2 சதவீதம் பேருக்குத்தான் எச்.ஐ.வி. இருக்கிறது. அதனால் ஊருக்கே கொடுப்பதைவிட, ஆபத்தில் இருப்பவர்களைத் தேடிப்போய், கூச்சப்படாமல் வாங்க வழி செய்வதுதான் சரி. கவுன்டரில் ஒருவர் முகம் சுளித்தால்கூட வந்தவர் திரும்ப வரமாட்டார்.

வண்டியில் போகும்போது மாத்திரை மறந்துபோகும். பரவாயில்லையா? (நெல்லிக்குப்பம், லாரி ஓட்டுநர்)

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. 2010-ல் வெளியான ஐப்ரெக்ஸ் ஆய்வில் மாத்திரை பெற்றவர்களிடம் மொத்தமாகத் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. ரத்தத்தில் மருந்து தெரிந்தவர்களிடமோ 90 சதவீதத்துக்கு மேல். வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாவிட்டால் பணமும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. ராத்திரி சாப்பாட்டோடு சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆணுறையும் கூடவே வேண்டும். மேகநோயை இந்த மாத்திரை தடுக்காது.

கணவர் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரை) சாப்பிடுகிறார். எனக்குத் தொற்று இல்லை. நானும் ப்ரெப் வாங்கணுமா? (அரியாங்குப்பம்)

முதலில் அவருடைய வைரல் லோடு என்ன என்று கேளுங்கள் சகோதரி. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவில் அவரிடமிருந்து உங்களுக்குப் பரவாது. அவருடைய மருந்து 2004-லிருந்து அரசு இலவசமாகத் தருவது. அதை அவர் விடாமல் சாப்பிடுவதே இருவருக்கும் காவல். அந்த நிலைக்கு வரும்வரை மட்டும் ப்ரெப் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறதாமே? (சிதம்பரம்)

ஆமாம், லெனகாபவிர். 2024-ல் முடிவு வெளியான ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ நிறுவனங்கள் 2027 முதல் 120 நாடுகளுக்கு வருடம் சுமார் 40 டாலரில் தருவதாக அறிவித்திருக்கின்றன. மறதிக்கு இடமில்லாத மருந்து இந்த விலைக்கு வந்தால், மேலே போட்ட கணக்கையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது ப்ரெப் போடலாமா? (ஊர் வேண்டாம்)

அதற்கு வேறு மருந்து: தொற்று வர வாய்ப்பு ஏற்பட்ட பிறகு சாப்பிடும் 'பெப்'. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வழி கேட்க 1097-க்கு அழைக்கலாம், காசு கிடையாது.